தர்மபுரி வெயிலுக்கு எந்த பேட்டரி? எல்எஃப்பி எடுக்கலாமா, சோடியம் வரும்வரை காத்திருக்கலாமா?

பாலக்கோட்டான்

பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்கு தினமும் வேலைக்குப் போகிறேன், போக வர ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வரும். பெட்ரோல் வண்டியைக் கொடுத்துவிட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுக்கலாம் என்று முடிவு செய்து ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். ரேஞ்ச் எவ்வளவு, டாப் ஸ்பீடு எவ்வளவு, ஸ்கிரீன் எத்தனை இன்ச் என்று எல்லாம் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது எல்எஃப்பியா என்எம்சியா என்று கேட்டால் மட்டும் "லித்தியம் சார், எல்லாம் ஒன்றுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். உண்மையிலேயே ஒன்றுதானா?

அப்புறம் இந்த சோடியம் பேட்டரி. பெங்களூரில் ஆறே நிமிடத்தில் சார்ஜ் ஏறும் சோடியம் பேட்டரி கண்டுபிடித்துவிட்டார்கள், இப்போது லித்தியம் வாங்கினால் பணம் வீண் என்று வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. என் மைத்துனர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வருடம் பொறு மாமா என்கிறார்.

என் நிலைமை இதுதான்: வேலை செய்யும் இடத்தில் நிழல் கிடையாது, காலையில் நிறுத்தினால் மாலை வரை வண்டி வெயிலில்தான் நிற்கும். வீட்டில் பழைய வயரிங். தொப்பூர் கணவாய் பக்கமும் அவ்வப்போது போக வேண்டியிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி பேட்டரிக்கடை

தம்பி, ஒன்றுதான் என்று சொன்னவர் பேட்டரியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார். லித்தியம் அயன் என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி, உள்ளே வேதியியல் வேறு வேறு. என்எம்சி என்றால் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த ஆக்சைடு. எல்எஃப்பி என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஒரு செல்லின் வோல்டேஜே வேறு, என்எம்சிக்கு 3.6, 3.7 வரும், எல்எஃப்பிக்கு 3.2 தான். சார்ஜரை மாற்றிப் போட்டால் வேலைக்கு ஆகாது, ஆபத்தும்கூட. ஒரே கிலோ எடையில் என்எம்சி அதிக கரண்ட் பிடிக்கும், செல் அளவில் 250 வாட் மணிவரை போகிறது, எல்எஃப்பி 160 பக்கத்தில் நிற்கிறது. அதனால்தான் நம் ஊரில் ஓடும் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் என்எம்சி இருக்கிறது, சின்ன இடத்தில் நிறைய ரேஞ்ச் காட்டலாம்.

ஆனால் என் கடைக்கு வரும் பேக்குகளை, அதாவது செல்களைச் சேர்த்துக் கட்டிய பெட்டிகளை வைத்துச் சொல்கிறேன், ரேஞ்ச் பத்தாமல் வருகிறவர்கள் கம்மி, சூட்டில் போனதுதான் அதிகம். பேக்கைப் பிரித்தால் ஓரத்தில் இருக்கும் செல் நன்றாக இருக்கும், நடுவில் காற்றுப் போகாத இடத்தில் இருக்கும் செல்கள்தான் சோர்ந்து போயிருக்கும். அந்த நாலைந்து செல் மொத்த பேக்கையும் இழுத்துக்கொண்டு போய்விடும். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டி என்றால் என் ஓட்டு எல்எஃப்பிக்கு.

ஓசூர் பி ஷிஃப்ட்

அண்ணன் சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். நான் வண்டி உதிரிபாக லைனில் வேலை செய்கிறேன். கெமிஸ்ட்ரி மட்டும் பேட்டரி இல்லை. செல்லைச் செல்லோடு சேர்க்கும் வெல்டிங், நடுவில் சூட்டைக் கடத்த வைக்கும் தெர்மல் பேட், சென்சார் எங்கே உட்கார்ந்திருக்கிறது, பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் எவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது, இதெல்லாம் சேர்ந்ததுதான் பேக். மோசமாகக் கட்டிய எல்எஃப்பி பேக்கைவிட நல்லபடியாகக் கட்டிய என்எம்சி பேக் எவ்வளவோ மேல்.

2022 கோடையில் அடுத்தடுத்து ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தது ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம்தான் எலெக்ட்ரிக் வண்டி பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகளைக் கடுமையாக்கினார்கள், 2022 டிசம்பர் 1-ல் முதல் கட்டம், 2023 மார்ச் 31-ல் இரண்டாம் கட்டம் அமலுக்கு வந்தது. தண்ணீர் புகாத ஐபி67 தரம், ஒரு செல் சூடேறி வெடித்தால் அது பக்கத்துச் செல்லுக்குப் பரவுகிறதா என்ற சோதனை, உள்ளே அழுத்தம் கூடினால் வெளியே விட வழி, ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கை என்று எல்லாம் அதில் வந்துவிட்டது. அதனால் பழைய பயத்தை வைத்து என்எம்சியை ஒதுக்க வேண்டாம். எடை ஒரு முக்கியமான விஷயம், ஓசூர் ஏற வேண்டிய ஆட்களைக் கேட்டால் தெரியும்.

பென்னாகரம் வேதியியல் டீச்சர்

எல்எஃப்பி ஏன் சூட்டைத் தாங்குகிறது என்பதை யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன், அது தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

என்எம்சி ஓர் ஆக்சைடு. முழுதாக சார்ஜ் ஆகியிருக்கும்போது அதிலிருந்து லித்தியம் பெரும்பகுதி வெளியே போயிருக்கும், மிச்சமிருக்கும் அமைப்பு நிலையில்லாமல் இருக்கும். அந்த நேரத்தில் ஏதோ காரணத்தால் சூடு சுமார் 200 டிகிரியைத் தொட்டால் அது உடைந்து ஆக்ஸிஜனை வெளியே விடுகிறது. பக்கத்திலேயே எரியக்கூடிய எலெக்ட்ரோலைட் திரவம். எரிபொருளும் ஆக்ஸிஜனும் சூடும் ஒரே டப்பாவுக்குள் சேர்ந்துவிட்டால் வெளிக்காற்றைத் தடுத்து அந்தத் தீயை அணைக்க முடியாது. போர்வை போட்டு மூடினாலும், மண் கொட்டினாலும் எரிந்துகொண்டே இருப்பது இதனால்தான். நிறையத் தண்ணீர் விட்டுச் சூட்டைக் குறைப்பதுதான் தீயணைப்புத் துறையினர் செய்வது.

எல்எஃப்பியில் ஆக்ஸிஜன் பாஸ்பரஸோடு பிணைந்திருக்கிறது. பாஸ்பேட்டில் அந்தப் பிணைப்பு மிக வலுவானது, சுலபத்தில் விடாது. கட்டுமீறிய சூடேற்றம் தொடங்க 270 டிகிரி பக்கம் போக வேண்டும், அப்போதும் வெளியாகும் வெப்பம் குறைவு. எரியவே எரியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை, எலெக்ட்ரோலைட் அதிலும் அதே திரவம்தான், எரியும் வாயு வரும். ஆனால் விபத்து நடக்கும் வேகம் வேறு, வீட்டில் இருப்பவர்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கிறது.

இந்தப் பொருளுக்குப் பின்னால் நம் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதை என் மாணவர்களிடம் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். லித்தியம் அயன் பேட்டரிக்காக 2019 வேதியியல் நோபல் பரிசு குட்எனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் கிடைத்தது. அப்போது குட்எனஃபுக்கு 97 வயது, நோபல் வாங்கியவர்களிலேயே மூத்தவர். ஸ்டாக்ஹோமில் அவருக்குப் பதிலாக நோபல் உரையை வாசித்தவர் பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கி, 1980-களில் ஆக்ஸ்ஃபோர்டில் குட்எனஃபோடு சேர்ந்து, பிறகு டெக்சாஸ் போனவர். ஆக்சைடுக்குப் பதில் சல்பேட் மாதிரி கூட்டு அயனியைப் போட்டால் வோல்டேஜ் உயர்கிறது என்று இருவரும் அந்தக் காலத்திலேயே காட்டினார்கள், பாஸ்பேட்டுக்கு வழி திறந்தது அந்த வேலைதான். 1997-ல் எல்எஃப்பி பற்றி வந்த ஆய்வுக் கட்டுரையில் குட்எனஃபோடு இருக்கும் பெயர்கள் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி. தர்மபுரியில் ஒருவர் ஷோரூமில் நின்று எல்எஃப்பியா என்று கேட்கிறார் என்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு பேர் உழைப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்

டீச்சர், ரொம்ப நன்றி. இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

ஓசூர் நண்பரே, நல்லபடியாகக் கட்டிய பேக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஷோரூமில் பிரித்தா காட்டுவார்கள்? வாங்குகிற நான் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஓசூர் பி ஷிஃப்ட்

பிரித்துக் காட்ட மாட்டார்கள், ஆனால் பேப்பர் காட்டுவார்கள். பேட்டரி பேக்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், வோல்டேஜ், ஆம்பியர் மணி, தயாரித்த மாதம் இருக்கும். வோல்டேஜை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம், 51.2 என்று போட்டிருந்தால் அது 3.2-ன் பதினாறு மடங்கு, எல்எஃப்பி. அதே மாதிரி 3.6 அல்லது 3.7-ன் மடங்காக வந்தால் என்எம்சி. கேட்டுச் சொல்லாதவர்களை நம்ப வேண்டாம், கணக்கு சொல்லிவிடும்.

அடுத்தது வாரண்டி. எத்தனை வருடம் என்று மட்டும் பார்க்காதீர்கள், பேட்டரியின் கொள்ளளவு எந்த அளவுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைப் படியுங்கள். 70 சதவீதம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் நல்லது. அந்த வரியே இல்லாத 8 வருட வாரண்டி எனக்கு வேண்டாம், ஏனென்றால் பேட்டரி சாகாமல் சோர்ந்துபோனால் அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி பேட்டரிக்கடை

51.2 கணக்கு சரியாகச் சொன்னார். அதோடு தயாரித்த மாதத்தையும் விடாதீர்கள். ஆஃபர் என்று சொல்லிக் கொடுக்கும் வண்டியில் ஒரு வருடத்துக்கு முந்தைய பேக் இருக்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் பேட்டரிக்கு வயதாகும், குடோனில் தகரக் கூரைக்குக் கீழே முழு சார்ஜில் நின்றிருந்தால் இன்னும் சீக்கிரம்.

பென்னாகரம் வேதியியல் டீச்சர்

அண்ணா கடைசியில் சொன்னதுதான் இந்தப் பேச்சின் மையம் என்று நினைக்கிறேன், அதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு 30 வாட் மணி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட். 3 யூனிட் பேக் என்றால் தினம் அரை பேட்டரி. வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 150 முழு சார்ஜ் சுற்று. எல்எஃப்பி 2000 சுற்றுக்கு மேல் தாங்கக்கூடியது, அப்படிப் பார்த்தால் 13 வருடம் வர வேண்டும். என்எம்சியை 1000 சுற்று என்று குறைத்துப் போட்டாலும் ஆறு வருடத்துக்கு மேல் வர வேண்டும்.

ஆனால் சிலருக்கு மூன்று வருடத்திலேயே ரேஞ்ச் விழுந்துவிடுகிறது. ஏன்? ஓடிய கிலோமீட்டர் அதைக் கொல்லவில்லை. செல்லின் எதிர்முனையான கிராஃபைட் ஆனோடின் மேல் ஒரு மெல்லிய படலம் வளர்ந்துகொண்டே இருக்கும், அது வளர வளர லித்தியத்தை விழுங்கும், விழுங்கிய லித்தியம் திரும்பி வராது. அந்த வளர்ச்சியைத் துரிதப்படுத்துவது இரண்டு, ஒன்று சூடு, இன்னொன்று முழு சார்ஜில் நிற்பது. 10 டிகிரி கூடினால் வேதி வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பிளஸ் டூ பாடத்திலேயே வரும் தோராயக் கணக்கு. 25 டிகிரி நிழலில் நிற்கும் பேட்டரிக்கும், சித்திரை வெயிலில் இருக்கைக்கு அடியில் 45 டிகிரியில் வேகும் பேட்டரிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே பாருங்கள்.

ஆகவே பாலக்கோட்டு நண்பர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வண்டி பகல் முழுக்க எங்கே நிற்கும் என்பதுதான், எந்தக் கம்பெனி என்பது அப்புறம். அலுவலகத்தில் பேசி ஒரு தகரக் கொட்டகை, குறைந்தது ஒரு வேப்பமர நிழலாவது வாங்குங்கள். தகரம் என்றால் பக்கவாட்டில் காற்று வர வேண்டும். உங்கள் பேட்டரிக்கு அது கூடுதல் ஆயுள் கொடுக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாலக்கோட்டான்

இது யோசிக்காத கோணம். கொட்டகை பற்றி ஆபீசில் நாளைக்கே பேசுகிறேன், அங்கே இன்னும் நாலைந்து பேர் எலெக்ட்ரிக் வண்டி வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் தினமும் 100 வரை சார்ஜ் போடக்கூடாதா? ஷோரூமில் தினமும் ஃபுல் போடுங்கள் என்கிறார்கள், யூடியூபில் 80-க்கு மேல் போகவே கூடாது என்கிறார்கள்.

கிருஷ்ணகிரி பேட்டரிக்கடை

இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் வேறு பேட்டரியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

என்எம்சி என்றால் 80, 85-ல் நிறுத்துங்கள், வெளியூர் போகும் அன்று காலை மட்டும் 100 போடுங்கள். எல்எஃப்பி என்றால் வாரம் ஒருமுறையாவது 100 போட்டே ஆக வேண்டும். காரணம், எல்எஃப்பியின் வோல்டேஜ் கோடு தட்டையானது, 80-லிருந்து 20 வரை இறங்கினாலும் வோல்டேஜ் பெரிதாக மாறாது, அதனால் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பிஎம்எஸ்ஸுக்கே சரியாகத் தெரியாமல் போய்விடும். 100-ஐத் தொட்டால்தான் அது தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும், செல்களைச் சமன் செய்யும் வேலையும் பெரும்பாலும் உச்சியில்தான் நடக்கும். இதைச் செய்யாமல் ஓட்டிவிட்டு, ஸ்கிரீனில் 20 காட்டியது, திடீரென்று வண்டி நின்றுவிட்டது என்று என்னிடம் வருகிறார்கள். பேட்டரி கெட்டுப்போகவில்லை, கணக்குதான் தப்பு. டெஸ்லா கார்கூட எல்எஃப்பி மாடல்களுக்கு வாரம் ஒருமுறை 100 போடச் சொல்கிறது.

அப்புறம் ஒன்று. வெயிலில் வந்து நிறுத்திய உடனே சார்ஜ் போடாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும். இரவில் போட்டு விடியற்காலையில் முடிகிற மாதிரி டைமர் வைத்தால் ரொம்ப நல்லது, சார்ஜ் முடிந்ததும் வண்டி ஓட ஆரம்பித்துவிடும், முழு சார்ஜில் நிற்காது.

வத்தல்மலை காப்பித்தோட்டம்

ஏற்றம் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். மலைமேல் இருந்து இறங்கி ஏறுகிற எங்களுக்கு ரேஞ்ச் என்பது கிலோமீட்டரில் இல்லை, உயரத்தில்தான் இருக்கிறது.

வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வைத்தால், 100 மீட்டர் உயரம் ஏற 54 வாட் மணி ஆகும். மோட்டாரில் போகும் இழப்பைச் சேர்த்தால் 65 பக்கம். சமதரையில் இரண்டு கிலோமீட்டர் ஓடும் கரண்ட் அது. ஆகவே மலைக்குப் போகிறவர்கள் தூரத்தோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் இரண்டு கிலோமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போனால் நானூறு மீட்டர் சொச்சம் ஏற்றம், ரேஞ்சில் எட்டு ஒன்பது கிலோமீட்டர் குறையும், பயப்படுகிற அளவு இல்லை. எங்கள் மலை வேறு கதை.

இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், ஏறச் செலவான கரண்டில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. பேட்டரி 100-ல் இருந்தால் திரும்ப வரும் கரண்டை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, மோட்டார் பிரேக் வேலை செய்யாது அல்லது ரொம்பக் குறைவாக வேலை செய்யும். கொண்டை ஊசி வளைவில் வழக்கமான இழுவை இல்லாமல் வண்டி தானாக ஓடும், கை பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால் அது சூடாகிப் பிடிப்பு விடும். மலைமேல் வீடு இருப்பவர்கள் இரவு 85-க்கு மேல் சார்ஜ் போடாதீர்கள். தொப்பூர் இறக்கத்துக்கும் இதே பேச்சு பொருந்தும், அங்கே பின்னால் லாரி வரும், பிரேக் விளையாட்டுக்கு இடமில்லை.

ஓசூர் பி ஷிஃப்ட்

இதை எல்லா ஷோரூமிலும் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். நன்றி.

காவேரிப்பட்டினம் தென்னை

எல்லோரும் லித்தியத்திலேயே நிற்கிறீர்கள், அவர் கேட்ட சோடியம் என்ன ஆயிற்று? நானும் அதற்குத்தான் காத்திருக்கிறேன். சோடியம் உப்பிலேயே கிடைக்கிறது, வெளிநாட்டைக் கெஞ்ச வேண்டாம்.

பென்னாகரம் வேதியியல் டீச்சர்

சோடியம் உண்மையான முன்னேற்றம்தான், விளம்பரப் பேச்சு என்று தள்ளிவிட மாட்டேன். சீனாவின் சிஏடிஎல் (CATL) நிறுவனம் 2021-ல் முதல் தலைமுறையை அறிவித்தது, கிலோவுக்கு 160 வாட் மணி. 2025 ஏப்ரலில் நாக்ஸ்ட்ரா என்ற பெயரில் அடுத்ததை அறிவித்தபோது 175 என்றார்கள், உறைபனிக்கு 40 டிகிரி கீழேயும் வேலை செய்யும் என்றார்கள். யாதியா நிறுவனம் சீனாவில் சோடியம் பேட்டரி ஸ்கூட்டரையே விற்பனைக்கு விட்டிருக்கிறது.

பெங்களூர் செய்தி ஜவாஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆராய்ச்சி மையத்தினுடையது, பிரேம்குமார் செங்குட்டுவன் குழு. 2025 மே மாதம் வந்தது. சோடியம் அயனி சுலபமாகப் போய்வரும் நாசிகான் வகைப் படிகப் பொருளை ஆனோடாக வைத்து, துகள்களை நானோ அளவுக்குச் சிறிதாக்கி, மேலே கரி பூசி, கொஞ்சம் அலுமினியம் கலந்து செய்தது. ஆறு நிமிடத்தில் 80 சதவீதம், 3000 சுற்றுக்கு மேல் ஆயுள். பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் அது ஆய்வகத்தில் செய்த செல். ஆய்வகத்திலிருந்து உங்கள் இருக்கைக்கு அடியில் வர வருடங்கள் ஆகும், எல்எஃப்பிக்கே 1997-லிருந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று பாருங்கள்.

இன்னொன்று, ஆறு நிமிடத்தை வீட்டில் யாரும் வாங்கவே முடியாது. 3 யூனிட் பேக்கில் 80 சதவீதம் என்றால் 2.4 யூனிட். அதை ஆறு நிமிடத்தில் ஏற்ற 24 கிலோவாட் வேண்டும். ஆறு 5 எச்பி மோட்டார்களை ஒரே நேரத்தில் ஓட்டுவதற்குச் சமம். வீட்டுப் பிளக்கில் வருவது 16 ஆம்பியரில் மூன்றரை கிலோவாட் சொச்சம்தான். பேட்டரி எவ்வளவு வேகமாக விழுங்கினாலும் லைன் அவ்வளவுதான் தரும். வேகமான சார்ஜ் கடைத்தெரு சார்ஜிங் நிலையத்துக்குப் பயன்படும், இரவில் வீட்டில் போடுகிறவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

காவேரிப்பட்டினம் தென்னை

சரி டீச்சர், மோட்டார் கணக்கில் சொன்னதும் விளங்கிவிட்டது. விலை குறையாதா?

ஓசூர் பி ஷிஃப்ட்

குறையும் என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். 2022-ல் லித்தியம் விலை உச்சத்துக்குப் போனபோது சோடியத்துக்குப் பணம் கொட்டியது. அப்புறம் லித்தியம் விலை பாதாளத்துக்கு விழுந்தது, சோடியத்தின் மலிவு என்ற பலமே போய்விட்டது. அமெரிக்காவில் சோடியம் பேட்டரி செய்த நேட்ரான் நிறுவனம் 2025 செப்டம்பரில் மூடிவிட்டது. தொழில்நுட்பம் தோற்றது என்று சொல்ல மாட்டேன், சந்தை மாறிவிட்டது. லித்தியம் மறுபடி ஏறினால் சோடியமும் மறுபடி எழும்.

நமக்கு நல்லது ஒன்று உண்டு. சோடியத்துக்கு இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு போதும், லித்தியம் செல்லில் ஒரு பக்கம் செம்பு வேண்டும். கிராஃபைட்டில் சோடியம் அயனி சரியாக உட்காராது, அதனால் ஹார்ட் கார்பன் என்ற கரி வேண்டும். அதைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யலாம். தென்னை அண்ணன், உங்கள் தோப்பில் எரித்துச் சாம்பலாக்கும் சிரட்டைக்கு ஒரு நாள் மதிப்பு வரலாம்.

காவேரிப்பட்டினம் தென்னை

எங்கள் பக்கம் சிரட்டைக் கரி வாங்க ஆள் வருவார்கள், அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். பேட்டரிக்கு ஆகும் தரத்தில் செய்ய என்ன வேண்டும் என்று யாராவது நம் மாவட்டப் பாலிடெக்னிக்கில், கல்லூரியில் முயன்று பார்த்தால் முதல் மூட்டை நானே கொடுக்கிறேன், காசு வேண்டாம். செல் செய்யும் ஆலை போச்சம்பள்ளி பக்கத்திலேயே வந்துவிட்டது, ஓசூரில் ஸ்கூட்டர் ஆலைகள், சூளகிரியில் ஒன்று. மாவட்டம் முழுக்க வண்டி செய்கிறோம், பொருளை மட்டும் வெளியே இருந்து கொண்டுவருகிறோம் என்பது மனசுக்கு ஒப்பவில்லை.

ஓசூர் பி ஷிஃப்ட்

உண்மைதான் அண்ணா, அதன் வலி எங்களுக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களுக்கு சீனா கட்டுப்பாடு போட்டதும் நாட்டில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் உற்பத்தியே தடுமாறியது. மோட்டாரில் இருக்கும் காந்தம் சூட்டில் பலம் இழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் கொஞ்சம் வேண்டும், அளவு சொற்பம், அது இல்லாமல் வண்டி இல்லை. இப்போது அரிய மண் இல்லாத ஃபெரைட் காந்தத்துக்குச் சிலர் மாறுகிறார்கள். அதே வருடம் ஜூலையில் செல்லின் நேர்முனையான எல்எஃப்பி கேத்தோடு செய்யும் தொழில்நுட்பத்தையும் சீனா கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எல்எஃப்பியில் இருப்பது இரும்பும் பாஸ்பேட்டும், இரண்டும் அரிய பொருள் இல்லை, ஆனால் அதைச் சீரான தூளாகச் செய்யும் கைவேலை அங்கே இருக்கிறது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அசெம்பிளி லைனோடு நின்றுவிடாமல் அந்தத் தூளைச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பாலக்கோட்டான்

முடிவுக்கு வந்துவிட்டேன். சோடியத்துக்குக் காத்திருக்கப் போவதில்லை, 3 யூனிட் பக்கத்தில் எல்எஃப்பி பேக் உள்ள வண்டிதான். ராணிப்பேட்டையில் செய்யும் ஆம்பியர் நெக்ஸஸ் ஸ்கூட்டரில் எல்எஃப்பி இருக்கிறது, அதை ஓட்டிப் பார்க்கப் போகிறேன், வேறு ஏதாவது கிடைத்தால் ஸ்டிக்கர் வோல்டேஜ் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். கடைசியாக வீட்டு வயரிங், கரண்ட் பில் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி பேட்டரிக்கடை

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம் தம்பி. மீட்டர் பலகையில் இருந்து தனி லைன் இழுத்து, லோடு கூடினால் விழும் தனி எம்சிபி, 16 ஆம்பியர் பிளக், கூடவே கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஆர்சிசிபி. எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். ஃபிரிட்ஜ் ஓடும் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு விடிய விடிய சார்ஜ் போடுகிறவர்களைப் பார்க்கிறேன், பேட்டரிக்கு முன்னால் அந்த பாக்ஸ்தான் உருகும்.

மாடிப்படிக்கு அடியிலோ வாசலை அடைத்துக்கொண்டோ சார்ஜ் போடாதீர்கள். எது நடந்தாலும் வீட்டிலிருந்து வெளியே வரும் வழி திறந்திருக்க வேண்டும். எல்எஃப்பி என்றாலும் இதில் சமரசம் கிடையாது.

பில் கணக்கு: தினம் ஒன்றரை யூனிட், சார்ஜரில் போகும் இழப்போடு 1.8. மாதம் 26 நாள் ஓடினால் 47 யூனிட், இரண்டு மாத பில்லில் 94 யூனிட் கூடும். உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டுக்கு மேல் ஏற்கெனவே ஓடினால் கவனம், 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் விலை கூடிவிடும், அந்தத் தாண்டலும் பில்லில் தெரியும். பழைய ஃபேன் இரண்டை மாற்றி கரண்ட் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி ஃபேன் போட்டால் வண்டிக்கு ஆகும் யூனிட்டில் பாதியை அங்கேயே மிச்சம் பிடிக்கலாம்.

பாலக்கோட்டான்

எங்கள் வீட்டில் 320, 340 தான் வருகிறது, சேர்த்தாலும் 500 தாண்டாது. ஆர்சிசிபி எத்தனை ஆம்பியர் அண்ணா?

கிருஷ்ணகிரி பேட்டரிக்கடை

25 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுகிற மாதிரி வாங்குங்கள். 100 மில்லி என்று கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஆள் உயிருக்கு 30 தான் பாதுகாப்பு. போட்ட பிறகு அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், விழவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும்.